கனகசபையில் ஏறி நிற்பது யார் கொடுக்கும் அனுமதி?

தில்லைத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

சிதம்பரம் மேலவீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். நடராசர் கோயிலைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வெளியூர் நண்பர்கள் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் அரசு பக்கமா, தீட்சிதர்கள் பக்கமா?" என்று கேட்பது எனக்குப் பழகிப்போயிற்று. (தீட்சிதர்கள் என்போர் தலைமுறைகளாக இக்கோயிலில் பூசை செய்து, அதை நிர்வகித்தும் வருபவர்கள்.) நான் ஒருமுறைகூட நேராகப் பதில் சொன்னதில்லை. உள்ளூர்க்காரன் மழுப்புகிறான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கேள்வியிலேயே ஓர் ஆளை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் தயக்கம். அதை இங்கே விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

கோயிலுக்கு வராதவர்களுக்காக இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பொன்னோடு வேய்ந்த சிற்சபைக்குள் கூத்தப்பெருமான் தெற்கு நோக்கி ஆடுகிறார். அதை ஒட்டி முன்னால் இருக்கும் மேடைதான் கனகசபை. ஸ்படிகலிங்க அபிடேகம் நாள்தோறும் நடப்பது அங்கேதான். கீழே நின்றாலும் தரிசனம் கிடைக்கும், ஆனால் கூட்ட நாளில் கிடைப்பது முன்னால் நிற்பவரின் தோளும் தீபாராதனைப் புகையும்தான். சிறுவயதில் என் பாட்டியோடு அப்படி நின்றிருக்கிறேன். அவர் குள்ளமானவர். மணிகள் முழங்கியபோது என் கையை இறுக்கிப் பிடித்து, "திரை விலகிடுச்சாடா?" என்று கேட்டார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. "விலகிடுச்சு பாட்டி" என்றேன். அவர் உடனே இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தார். மேலே ஏறக்கூடாது என்று அந்நாளில் அவரை எவரும் தடுக்கவில்லை, முழங்கால் வலிக்குப் பயந்து அவரே ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கொரோனாக் காலத்தில் கனகசபை ஏறுவது நிறுத்தப்பட்டது. நோய் தணிந்த பிறகும் தடை தொடர்ந்தது. 2022 பிப்ரவரியில் ஒரு பெண் பக்தர் ஏற முயன்று தடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்து வழக்கு பதிவானது. அதே ஆண்டு மே 17 அன்று, பக்தர்கள் கனகசபையிலிருந்து வழிபடலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது, நான்கு நாட்களுக்கு ஏற அனுமதி இல்லை என்று தீட்சிதர்கள் பலகை வைத்தார்கள். அறநிலையத்துறையினர் காவல்துறையோடு வந்து அதை அகற்றினார்கள்.

ஆணையையும் பலகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று "அனுமதிக்கிறோம்" என்கிறது, மற்றொன்று "அனுமதி இல்லை" என்கிறது. அந்த இடத்தில் நிற்பது தாங்கள் கொடுக்கவோ மறுக்கவோ கூடிய ஒன்று என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. என் பாட்டியைப் போன்றவருக்குச் சொந்தமாக ஓர் உரிமை இருக்கிறதா, அல்லது இருவரில் வெல்பவர் அருளும் சலுகைதான் உண்டா என்பதே என் கேள்வி. சட்டம் அறிந்தவர்களும் கோயில் அறிந்தவர்களும் எழுதுங்கள்.

கெடிலக்கரை

ஐயா, கடலூரில் வழக்குரைஞராக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் வழக்குகளின் வரிசையைச் சொல்லாவிட்டால் பின்னால் வருபவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவார்கள்.

1951-இல் சென்னை அரசு இக்கோயிலின் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ள ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பொது தீட்சிதர்கள் (தீட்சிதர்களின் கூட்டமைப்புக்கு அதுவே பெயர்) அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்லும், தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையுள்ள சமயப் பிரிவினர் என்று கூறி அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. உடுப்பியைச் சேர்ந்த சீரூர் மடத்தின் வழக்கும் அதே தீர்ப்பில்தான் முடிவாயிற்று. மடத்தின் வழக்கு உச்சநீதிமன்றம் சென்று 1954-இல் நாடறிந்த தீர்ப்பானது. சிதம்பரம் வழக்கில் அரசு தன் மேல்முறையீட்டை நடத்தாமல் விட்டுவிட்டது. அந்த விட்டுக்கொடுப்பு அறுபது ஆண்டுகள் கழித்து அரசின் காலையே வாரியது.

1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 45-ஆம் பிரிவைக் கொண்டு 1987-இல் அரசின் சார்பில் நிர்வாகத்தைக் கவனிக்கச் செயல் அலுவலர் நியமிக்கப்பட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2009 பிப்ரவரியில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி நியமனம் செல்லும் என்றார், அவ்வாண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது. உண்டியலே இல்லாத கோயிலில் உண்டியல் வந்தது அந்த இடைப்பட்ட காலத்தில்தான். 2014 ஜனவரி 6 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் சௌகானும் பாப்டேவும் அனைத்தையும் மாற்றினார்கள். 1951-இல் தீர்ந்துபோன விஷயத்தை மீண்டும் கிளற முடியாது, நிர்வாகக் கேட்டைச் சரிசெய்ய அரசு உள்ளே வரலாம், ஆனால் வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும், காலவரையற்ற செயல் அலுவலர் என்பது உரிமையையே பறித்துக்கொள்வதாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த வரிசை முழுவதையும் புரட்டினாலும் வழக்கில் இருப்பவர்கள் இருவர்தான். நிர்வகிப்பவர் எவர் என்பதே விவாதம். நிற்பவர் எங்கே நிற்பார் என்று எந்த நீதிபதியிடமும் முதன்மைக் கேள்வியாக எவரும் கேட்கவில்லை. ஆகவே 2014 தீர்ப்பைக் காட்டி "கனகசபை எங்கள் விருப்பம்" என்பதும் பொருந்தாது, அது நிர்வாகத் தீர்ப்புத்தானே என்று அரசு அதை ஒதுக்கிவிட்டு ஆணை போடுவதும் அவ்வளவு எளிதல்ல.

அம்பலத்தடியார்

நான் தீட்சிதர் குலத்தைச் சேர்ந்தவனல்லன். தலைமுறை தலைமுறையாக அங்கே கட்டளை (பூசைக்கென்று வைக்கும் அறக்கொடை) வைத்திருக்கும் குடும்பத்தவன். எங்கள் பக்கத்தையும் யாராவது எழுத வேண்டுமல்லவா?

"தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்றுதான் சுந்தரர் திருத்தொண்டத்தொகையைத் தொடங்குகிறார். கோயிலை நிர்வகிக்க வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட குழுவினரை எவரும் இப்படிப் பாடமாட்டார்கள். இங்கே பூசைமுறையும் மற்ற சிவாலயங்களைப் போல ஆகமவழிப் பூசை அன்று, பதஞ்சலி வகுத்ததாகக் கொள்ளப்படும் வைதிக முறை. ஆறு காலப் பூசையும் அரசுச் சம்பளம் இல்லாமல், முறை வைத்து, அவர்கள் செலவில் நடந்துவருகிறது. கனகசபை அபிடேக மேடை. ஒருவர் ஏறினால் பின்னால் நூறு பேர் ஏறுவார்கள். திருவிழா நாளில் அத்தனை பேர் அங்கே நெருக்கியடித்தால் பூசை செய்பவர் எங்கே நிற்பார்? இதை ஒழுங்குபடுத்துவது சமயச் செயலா, போக்குவரத்துச் செயலா என்று வழக்குரைஞர் ஐயா விளக்கட்டும்.

இன்னொன்றையும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். அரசு எங்கள் பக்தர்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் துறையின் நிர்வாகத்தில் உள்ள பெரிய கோயில்களில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் அருகே போகிறார், வாங்காதவர் கம்பிக்கு அப்பால் நிற்கிறார். சிதம்பரத்தில் சீட்டு கிடையாது. தில்லைத்தெரு அவர்களே, உங்கள் பாட்டிக்கு அந்தக் கோயில்களில் என்ன உரிமை இருந்திருக்கும்?

ஓய்வுபெற்ற கணக்கர்

அறநிலையத்துறையில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அடியார் கேட்ட கடைசிக் கேள்வி நியாயமானது, துறைக்காரன் என்பதால் அதை மறுக்கமாட்டேன். சிறப்பு வழிச் சீட்டு இருக்கும்வரை சமத்துவம் பேசும்போது எங்கள் குரல் கொஞ்சம் கம்மத்தான் செய்யும்.

ஆனால் கணக்கு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக முடியாது. துறைக் கோயில் ஒன்றில் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் (ஜூலை முதல் ஜூன் வரையிலான கணக்காண்டு) வரவு செலவு எழுதப்படும், தணிக்கை நடக்கும், உண்டியல் திறக்கும்போது பக்தர்கள் முன்னிலையில் தரையில் கொட்டி எண்ணுவோம். காசை எண்ணி முடித்த மாலையில் விரலெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாகக் கறுத்திருக்கும், இரண்டு நாளுக்குப் போகாது. அதில் திருட்டே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் எந்தப் பக்கத்தில், எந்தக் கையெழுத்துக்கு மேலே நடந்தது என்று காட்டிவிட முடியும், அவ்வளவுதான். 2022 ஜூனில் துறையின் குழு சிதம்பரம் சென்று கணக்கைக் கேட்டபோது தீட்சிதர்கள் காட்ட மறுத்தார்கள். 26-ஆம் பிரிவின் கடைசிக் கூறு சொத்தை நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது, ஆனால் "சட்டத்துக்கு இணங்க" என்ற சொற்களோடு தருகிறது. பக்தர் கொடுத்த பணத்துக்கும் நகைக்கும் கணக்குக் கேட்டால் அது எப்படி மதத்தில் தலையிடுவதாகும்? பூசைமுறையை நான் கேட்கவில்லையே, பேரேட்டைத்தானே கேட்கிறேன்.

ஒரு சிறு தகவலும் உண்டு. அதே மதிலுக்குள் கோவிந்தராசப் பெருமாள் சந்நிதி இருக்கிறது. அதற்கு அறங்காவலர்கள் வேறு. சில அடி தூரத்தில் இரண்டு ஆட்சிகள். பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பி நடராசரைக் கும்பிடும் பக்தருக்கு, தாம் ஓர் ஆட்சியிலிருந்து இன்னொன்றுக்குள் அடியெடுத்து வைத்ததே தெரியாது.

தில்லைத்தெரு

அடியாருக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் கம்பிக்கு அப்பாலும் என் பாட்டிக்கு எதுவும் கிடைத்திருக்காது. அதனால்தான் நான் அரசு பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கூட்ட ஒழுங்கைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். வரிசை வையுங்கள், பூசை நேரத்தில் நிறுத்துங்கள், முதியவர்களை முதலில் விடுங்கள். இவையெல்லாம் ஒழுங்கு. ஆனால் ஒழுங்குக்கும் விலக்குக்கும் நடுவே கோடு உண்டு. 2008 மார்ச் 2-ஆம் நாள் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று ஊரே பார்த்தது. சிவனடியார் ஆறுமுகசாமி, திருச்சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தார். முன்பு ஒருமுறை பாட முயன்று அடிபட்டு வெளியேற்றப்பட்டதாகப் புகார் சொன்னவர் அவர். ஆறு காலப் பூசை முடிந்தபின் பாடலாம் என்று அரசு ஆணை பிறப்பித்தது. அன்று அவர் ஏறியபோது தள்ளுமுள்ளு ஏற்பட்டு, காவலர்கள் சூழ, கைதுகளோடு முடிந்தது. அந்த முதியவர் ஒரு பதிகத்தைப் பாடி முடிப்பதற்கு எத்தனை காவலர்கள் தேவைப்பட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. அவர் பாட விரும்பியது நாத்திகப் பாட்டல்ல. எந்த மூவர் பாடியதால் இந்தத் தலம் பாடல்பெற்ற தலமாயிற்றோ அவர்களின் பாட்டு.

இதில் ஒரு பழைய எதிரொலியும் கேட்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றில் பூட்டிக் கிடந்த கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. நம்பியாண்டார் நம்பியோடு மன்னன் வந்து திறக்கச் சொன்னபோது, பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்களாம் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினானாம். திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. கதையை வரலாறாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அரசன், பூட்டை வைத்திருப்பவர், உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கும் ஏடு என்ற மூன்று பாத்திரங்களை நம் முன்னோர் அன்றைக்கே சரியாகப் பார்த்துவைத்திருக்கிறார்கள். நான் கேட்பது மூன்றாவது பாத்திரத்தைப் பற்றி.

ஓமக்குளம்

மூன்றாவது பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது நந்தனை விட்டுவிடாதீர்கள், ஐயா. "நாளைப் போவேன்" என்று நாள் தள்ளிக்கொண்டே இருந்தவருக்குத் திருநாளைப்போவார் என்றே பெயர் வந்துவிட்டது. இறைவனே கனவில் வந்து அழைத்த பிறகும், தீயில் மூழ்கி எழுந்து வேறு உருவத்தோடுதான் உள்ளே போனார் என்று பெரியபுராணம் பாடுகிறது. நந்தன் நந்தனாகவே உள்ளே போன கதை எங்கும் இல்லை. இந்த ஊரில் நந்தனார் பெயரில் மடமும் பள்ளியும் கண்ட சுவாமி சகசானந்தரின் கைக்கு எட்டியது கல்விதான். கோயில் வாசலைத் திறந்துவிட்டது 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம். அரசு தலையிடாமல் இருந்திருந்தால் என் தாத்தா மதிலைத் தாண்டியிருக்கமாட்டார். அரசைப் பற்றிக் குறை சொல்லும் முன் இதை ஒரு வரி எழுதிவிட்டுக் குறை சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மணிமுக்தா

அரசு, தீட்சிதர், பக்தர் என்று மூன்று பேரை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நான்காவதாக ஒருவரையும் எண்ண வேண்டும். சமயப் பிரிவின் உரிமை என்று சொல்லும்போது அந்தப் பிரிவுக்குள் பிறந்த ஒரு பெண் குழந்தையின் உரிமை எங்கே போகிறது?

தில்லையில் திருமணமான ஆண்களுக்குத்தான் பூசை முறை உண்டு என்பது ஊரறிந்தது. இளவயதுத் திருமணத்துக்கு இந்த வழக்கமும் ஒரு காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 2022-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குகள் பதிவாகித் தீட்சிதர்கள் சிலர் கைதானார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. 2023 மே மாதம் ஆளுநர் ஆர்.என்.ரவி ஒரு பேட்டியில், வழக்குகள் பழிவாங்குவதற்காகப் போடப்பட்டவை என்றும், சிறுமிகள் கன்னித்தன்மைச் சோதனைக்கு ஆளாக்கப்பட்டார்கள் என்றும் குற்றஞ்சாட்டினார். காவல்துறை அதை மறுத்தது. பிறகு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் விசாரிக்க வந்தது. ஆளுநர் தரப்பும் அரசுத் தரப்பும் நாளேடுகளில் மோதிக்கொண்டன. இத்தனை பெரியவர்கள் உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் சிறுமிகள் படிக்க விரும்பினார்களா, திருமணத்தை விரும்பினார்களா, சோதனை நடந்ததா என்று அவர்கள் வாயால் எதுவும் வெளியே கேட்கவில்லை. கேட்கக்கூடாதுதான், அவர்கள் சிறுவர்கள், அவர்களின் பெயர் மறைவாக இருக்க வேண்டியதே. ஆனால் ஒருவருடைய மௌனத்தை இரண்டு தரப்பும் தன் சாட்சியாக எடுத்துக்கொண்டதைப் பார்த்தபோது, இந்தக் கோயில் வழக்குகள் எல்லாவற்றின் சாயலும் அதில் எனக்குத் தெரிந்தது.

இது தில்லைக்கு மட்டும் உரிய குறையல்ல. பம்பாய் மாகாணத்தில் 1949-இல் சமூக விலக்கத்தைத் தடைசெய்து ஒரு சட்டம் வந்தது. ஷியா முஸ்லிம் பிரிவொன்றான தாவூதி போராக்களின் தலைமைக் குரு அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். விலக்கிவைப்பது சமயப் பிரிவு தன் காரியத்தை நடத்திக்கொள்ளும் உரிமையைச் சேர்ந்தது என்று 1962-இல் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் மாறுபட்டார். விலக்கப்பட்டவருக்கு இடுகாட்டில்கூட இடம் மறுக்கப்படலாம் என்பதைப் பார்த்தவர் அவர். எந்த 26-ஆம் பிரிவு அரசிடமிருந்து ஒரு சமூகத்தைக் காக்கிறதோ, அதே பிரிவு அந்தச் சமூகத்துக்குள் தனித்து நிற்பவருக்கு எதிராகவும் பூட்டாகிவிடுகிறது. அடியார் ஐயா, உங்கள் மனம் புண்படுமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதற்கு நேரான பதிலை எதிர்பார்க்கிறேன்.

அம்பலத்தடியார்

அம்மா, புண்படவில்லை. குழந்தைத் திருமணத்தை நான் நியாயப்படுத்தமாட்டேன், என் மகளைக் கல்லூரிக்கு அனுப்பியவன் நான். சட்டம் எல்லோருக்கும் பொதுவென்றால் அதற்கும் பொதுதான். திருமணம் ஆனால்தான் முறை என்ற வழக்கத்தை வைத்துக்கொண்டே திருமண வயதைச் சட்டப்படி தள்ளிவைத்தால் பூசைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அவர்களுக்குள்ளேயே அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், உரக்கச் சொல்லத் தயங்குகிறார்கள். வெளியே துறையின் வண்டி நிற்கும்போது உள்ளே இருப்பவர் தம் சொந்த ஆட்களைக் குறை சொல்லமாட்டார். அரசு நெருக்க நெருக்க உள்ளே ஒரே குரலாகிவிடுகிறார்கள். அதையும் நீங்கள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் பற்றி ஓய்வுபெற்ற கணக்கர் சொன்னதற்கு என்னிடம் வலுவான மறுப்பு இல்லை. ஒரு தனித் தணிக்கையாளரை நீதிமன்றம் அமர்த்தினால் நான் வரவேற்பேன். துறை அமர்த்துபவரை வரவேற்கமாட்டேன்.

கெடிலக்கரை

அடியாரின் கடைசி வரியில் நாங்கள் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் பேசியும் எட்டாத சமரசம் இருக்கிறது. அது நிற்க. தில்லைத்தெரு அவர்களின் மூலக் கேள்விக்கு வருகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் உரியது, 26-ஆம் பிரிவு சமயப் பிரிவினருக்கு உரியது. எழுதியவர்கள் இரண்டிலும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று சொல்லிவிட்டு, 25-இல் மட்டும் அடிப்படை உரிமைகளின் மற்ற விதிகளுக்கும் உட்பட்டு என்று சேர்த்தார்கள். இந்தச் சில சொற்கள் 26-இல் இல்லாததால், சமயப் பிரிவின் உரிமை தனி மனிதரின் உரிமையைவிட ஒருபடி மேலானது போன்ற தோற்றம் வந்துவிட்டது. சபரிமலைத் தீர்ப்பின் மறுஆய்விலிருந்து கிளைத்து ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குச் சென்ற கேள்விகளில் இந்த உறவும் ஒன்று. அம்மா குறிப்பிட்ட போரா வழக்கும் 2023-இல் அங்கே அனுப்பப்பட்டது.

ஆனால் உங்கள் கேள்விக்கு மிக அருகே வரும் தீர்ப்பு பழையது. தென்கன்னட மாவட்டம் மூல்கியில் வெங்கடரமணர் கோயில் ஒன்று இருக்கிறது, கௌட சாரஸ்வதப் பிராமணர்களுடையது. அன்று அந்த மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆகவே ஓமக்குளம் ஐயா சொன்ன அதே 1947 சட்டம்தான் அங்கேயும் விவாதப் பொருளானது. எங்கள் கோயில் எங்கள் பிரிவுக்கு உரியது, எவரை விடுவது என்பது எங்கள் சமயக் காரியம் என்று அவர்கள் வாதாடினார்கள். 1957-இல் உச்சநீதிமன்றம் இரண்டையும் ஒப்புக்கொண்டது. ஆம், நீங்கள் சமயப் பிரிவினர்தான். ஆம், எவரை விடுவது என்பது சமயக் காரியம்தான். ஆனாலும் பொதுத்தன்மை வாய்ந்த இந்து ஆலயங்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடும் சட்டத்துக்கு 25-ஆம் பிரிவு இடம் தருவதால், அந்தச் சட்டம் உங்கள் உரிமையை மீறி நிற்கும். சில குறிப்பிட்ட சடங்குகளை மட்டும் உங்கள் பிரிவினருக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். அந்த ஒதுக்கீடு வழிபடும் உரிமையில் மிச்சமே இல்லாதபடி செய்துவிடக்கூடாது.

இதைக் கனகசபையின்மேல் வைத்துப் பார்க்கிறேன். அபிடேக நேரத்தில் மேடையைப் பூசகர்களுக்கென்று ஒதுக்குவது மூல்கித் தீர்ப்பின் விதிவிலக்குக்குள் அடங்கும். நெடுங்காலமாகப் பக்தர்கள் ஏறிவந்த இடத்தை நாள் முழுவதும் அடைப்பது அடங்காது என்பது என் கருத்து. நான்கு திருவிழா நாட்கள் என்றால் நடுவில் வரும், வாதத்துக்கு உரியது. இந்த இடத்தில் தில்லைத்தெரு அவர்களிடமிருந்து சற்று விலகுகிறேன். உரிமை பக்தருக்குச் சொந்தமாக இருக்கலாம், ஆனால் அதைத் திறந்துவிடுவது ஒரு சட்டம்தான், சட்டம் அரசிடமிருந்துதான் வரும். அரசைத் தள்ளிவைத்துவிட்டு அந்த உரிமையை நேரடியாகக் கையில் எடுத்துக்கொள்ள முடியும் என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர்

வழக்குரைஞர் சொன்னதில் துறைக்கு ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2022-ஆம் ஆண்டின் ஆணையைப் போட்டவர்கள், நேரத்தையும் நாளையும் தீட்சிதர்களோடு உட்கார்ந்து பேசி எழுதியிருந்தால், பலகையும் வந்திருக்காது, பலகையைக் கழற்ற ஏணியும் வந்திருக்காது. கோப்பில் "கலந்தாலோசிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதுவதற்கு எங்களுக்கு எப்போதும் நேரம் இருந்ததில்லை.

தில்லைத்தெரு

வழக்குரைஞர் ஐயா, உங்கள் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஓமக்குளம் அவர்களின் தாத்தாவைப் பற்றிப் படித்தபோதே எனக்கு அது உறைத்துவிட்டது. அரசே வேண்டாம் என்று சொல்லும் வசதி அரசு இல்லாமலேயே உள்ளே போக முடிந்தவர்களுக்குத்தான் இருக்கிறது. நான் மேலவீதிக்காரன், என் பாட்டியை எவரும் நிறுத்தியதில்லை. அந்த வசதியோடுதான் இந்த இழையைத் தொடங்கினேன் என்று இப்போது தெரிகிறது.

ஆனாலும் ஒன்றை விடமாட்டேன். 1947 சட்டம் வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. உள்ளே போகிறவரோடு கைகோத்து அது நடக்கவில்லை, உள்ளே போனபின் "யாரால் வந்தாய்?" என்று கேட்கவுமில்லை. 2008-லும் 2023-லும் அரசு பக்தரோடு மேடைவரைக்கும் ஏறிப் படம் எடுத்துக்கொண்டது. அதன் விளைவாகக் கனகசபையில் ஏறும் ஒவ்வொருவரும் ஓர் அரசியல் தரப்பாகப் பார்க்கப்படுகிறார். சென்ற மார்கழியில் நான் படியருகே நின்றபோது, பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் தணிந்த குரலில், "ஏறினால் என்னை எந்தக் கட்சி என்று நினைப்பார்கள்?" என்று கேட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். கையில் வில்வமாலை. எவரும் அவரைத் தடுக்கவில்லை. பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மாலையைக் கீழேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இது எந்தப் பிரிவின்கீழ் வரும் தடை என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு நேரடிக் கேள்வி. அறநிலையத்துறையும் வேண்டாம், தீட்சிதர்களின் எதிர்ப்பாளர் எவரும் வேண்டாம், ஒரே ஒரு பக்தர், தம் பெயரில், தம் வழிபாட்டுக்காக மட்டும் நீதிமன்றம் போனால் வழக்கு நிற்குமா?

கெடிலக்கரை

நிற்கும். வழிபாட்டு உரிமை உரிமையியல் நீதிமன்றம் ஏற்கும் உரிமை என்பது நம் சட்டத்தில் மிகப் பழைய நிலைப்பாடு. ஆனால் அவர் உண்மையிலேயே படியில் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் முதியவரைப் போலத் தாமாகத் திரும்பியிருக்கக் கூடாது. நாள், நேரம், அப்போது எந்தக் காலப் பூசை நடந்துகொண்டிருந்தது, தடுத்தவர் சொன்ன சொல் என்ன என்பவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடன் வந்தவர் இருந்தால் அவருடைய கையெழுத்தும் வேண்டும்.